பெற்றோர் பிரிந்த வழக்கில், நீதிமன்றம் நியமிக்கும் ஆலோசகர் முன்னிலையில் பிள்ளையைச் சந்திப்பது: கேள்வி பதில்

ஆலோசகர் காவலுக்கு உட்காருபவர்தானே? (ஒரு தந்தை)

இல்லை. காவல் போதும் என்றால் நீதிமன்ற ஊழியரே போதுமே. உங்களுக்கும் பிள்ளைக்கும் இடையே அறுந்த உறவை ஒட்டவைப்பதுதான் ஆலோசகர் வேலை. முதலில் பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசுவார். பயமாக இருந்தால் காட்டவேண்டிய சைகை ஒன்றை அப்போதே முடிவுசெய்துகொள்வார்கள். முதல் சந்திப்புக்கு முக்கால் மணி நேரம் தாராளம். சந்திக்க வருபவர் கால் மணி முன்னதாக வந்து அறையில் இருக்கவேண்டும். பிள்ளையை அழைத்துவருபவர் வேறு வாசலில் விட்டுவிட்டு நகரவேண்டும். வாசலில் நீங்கள் இருவரும் முறைத்துக்கொண்டால் உள்ளே என்ன செய்தாலும் வீண்.

தரையில் உட்காருங்கள். ஓடிப்போய்த் தூக்காதீர்கள், பிள்ளை வரட்டும். நாலு வயதுக்குக் களிமண், ஒன்பது வயதுக்குக் கேரம்: கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். "அம்மா என்ன சொன்னாள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்.

எங்கள் வழக்கில் அப்படி யாரையும் நியமிக்கவில்லையே?

மனு போடுங்கள். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் 12ஆம் பிரிவில் நீதிமன்றம் வல்லுநர் உதவியைப் பெறலாம்.

ஜீவனாம்சம் வரவில்லை. சந்திப்பை நிறுத்தலாமா?

கூடாது. பாக்கிக்குத் தனி மனு.

பிள்ளை வரமாட்டேன் என்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆலோசகர் பொறுப்பு. கூட்டிவந்து விடுவது உங்கள் பொறுப்பு. "உனக்கு இஷ்டமா?" என்று வீட்டில் கேட்டு முடிவை அதன் தலையில் கட்டாதீர்கள். அடி, பாலியல் துன்புறுத்தல் என்றால் கதையே வேறு: உடனே நீதிபதியிடம் சொல்லுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 21ஆம் பிரிவில், பிள்ளைக்குத் தீங்கு வரும் என்றால் மாஜிஸ்திரேட் சந்திப்பை மறுத்தாகவேண்டும்.

செல்போனில் பதிவு செய்யலாமா?

வேண்டாம்.

செய்யாவிட்டால் நாளை எப்படி நிரூபிப்பது? ஆலோசகர் ஒருபக்கம் சாய்ந்தால்?

நியாயமான அச்சம். ஆனால் கேமராவைப் பார்த்ததும் பிள்ளை நடிக்கத் தொடங்கும், அல்லது வாயே திறக்காது.

அப்படியென்றால் அவர் எழுதுவதே வேதமா?

இல்லை. அறிக்கையில் பார்த்ததும் கேட்டதும் நேரத்தோடு இருக்கவேண்டும்: "4.10க்கு அழுதாள், 4.25க்குச் சிரித்தாள்." "தாய் கெடுத்துவைத்திருக்கிறார்" என்று தீர்ப்பு எழுதியிருந்தால் வழக்கறிஞர் மூலம் ஆட்சேபணை கொடுங்கள். அதற்காகவும் பிள்ளையிடம் விசாரிக்காதீர்கள். தூது வேண்டாம் என்றேனே.

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கவேண்டும்?

வழக்கறிஞரிடம் கேளுங்கள்.