மான் வேட்டை கேள்வி-பதில்: கையில் இருக்கும் நிலம் நழுவாமல் இருக்க

அமெரிக்காவில் காட்டு மான் பொதுச் சொத்து. அதைச் சுட லைசென்ஸ் தருவது மாநிலம். ஆனால் மான் மேயும் நிலத்துக்குள் கால் வைக்கலாமா என்பதை நிலத்துக்காரர்தான் சொல்ல வேண்டும். லைசென்ஸ் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும், நிலத்துக்குத்தான் அடிதடி. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

ஒஹாயோவில் 80 ஏக்கர் மக்காச்சோளப் பண்ணை ஒன்றுக்கு மூன்று வருடமாக வில் வேட்டைக்குப் போகிறேன். எல்லாம் வாய் வார்த்தைதான். இப்போது வேறு இரண்டு பேர் பண்ணைக்காரரிடம் கேட்டிருக்கிறார்களாம். என் இடம் போய்விடுமா?

போகலாம். உங்களுக்கு அவர் கொடுத்திருப்பது சலுகை. காலையில் கொடுத்ததை மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அதோடு ஒஹாயோவில் வாய் வார்த்தை செல்லாது. தனியார் நிலத்தில் வேட்டையாட எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், வேட்டையின்போது அது கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இத்தனை நாள் வார்டன் (வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) கேட்காதது உங்கள் நல்ல நேரம். அதையே சாக்காக வைத்துப் பேச்சை ஆரம்பியுங்கள்: "வார்டன் கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும், கையெழுத்துப் போட்டுத் தருகிறீர்களா?" மாநில இயற்கை வளத் துறையிடமே இதற்குப் படிவம் இருக்கிறது. கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இணையதளத்திலிருந்து நில வரைபடம் ஒன்றை அச்செடுத்து அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி எங்கே நிற்கும், வண்டி எண் என்ன, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வில்லா துப்பாக்கியா, கூட ஆள் கூட்டி வரலாமா கூடாதா என்பதையெல்லாம் அதிலேயே குறித்துவிடுங்கள். கூடாது என்றால் உங்கள் மைத்துனருக்கும் கூடாதுதான். அனுமதி பறிபோகும் காரணங்களில் சொல்லாமல் கூட்டி வந்த விருந்தாளிக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

இனி போட்டிக்கு வருவோம். யார் நன்றாகச் சுடுவார் என்பது பண்ணைக்காரருக்குப் பொருட்டே இல்லை. யாரால் தொல்லை குறைவு, யாரால் மான் குறையும் என்றுதான் அவர் பார்ப்பார். மக்காச்சோளம் போட்டவருக்கு மான் என்றால் வயலில் மேயும் நஷ்டம். நீங்கள் மூன்று வருடமாகப் பெரிய கொம்புக்காகக் காத்திருந்து ஒரு பெண் மானைக்கூட எடுக்கவில்லை என்றால், "நாலு பெண் மான் எடுத்துத் தருகிறேன்" என்று வருகிற புதியவர் ஜெயித்துவிடுவார். அதனால் முதலில் பெண் மான் டேக்கை (மான் எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு) நிரப்புங்கள். சீசன் முடிந்ததும் எத்தனை எடுத்தீர்கள், எந்த ஓரத்தில் சேதம் அதிகம் என்று இரண்டு வரி மெசேஜ் போடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. செய்கிறவரை அவர் மறப்பதில்லை.

மற்ற இருவரை உள்ளே விட வேண்டாம் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் வர வேண்டும் என்று நீங்கள் தீர்மானிப்பதுபோல் அது அவர் காதில் விழும். பிரித்துக் கேளுங்கள். ஒஹாயோவில் வில் சீசன் செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி தொடக்கம் வரை ஓடும். துப்பாக்கி வாரமோ தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) அடுத்த திங்களன்று தொடங்குகிற ஏழு நாள். "வில் எனக்கு, துப்பாக்கி வாரம் அவர்களுக்கு, அந்த ஏழு நாள் நான் வரமாட்டேன்" என்றால் அவருக்கும் நிம்மதி. மான்கள் இணை சேரும் நவம்பர் முதல் பாதி முழுக்க உங்களிடம் இருக்கும், அவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

விஸ்கான்சினில் என் ஸ்டாண்டில் (மரத்தில் கட்டி, உட்கார்ந்து வேட்டையாடும் மேடை) முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். "எனக்கும் இங்கே உரிமை உண்டு" என்கிறார். நிலம் தனியாருடையது. இது எப்படி?

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். விஸ்கான்சினில் 'மேனேஜ்டு ஃபாரஸ்ட் லா' என்ற வனச் சட்டத் திட்டம் இருக்கிறது. அதில் நிலத்தைப் பொதுமக்களுக்குத் 'திறந்தது' என்று பதிந்தால் வரி குறைவு. 'மூடியது' என்று பதிந்தால் ஏக்கருக்குக் கூடுதல் கட்டணம். திறந்த நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடந்து போய் வேட்டையாடலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மான் மேய்ந்த பயிருக்கு நஷ்டஈடு வாங்குகிற பண்ணைகளும் வேட்டைக்காரர்களை உள்ளே விட வேண்டும் என்று இன்னொரு திட்டத்தில் நிபந்தனை உண்டு. உங்கள் நிலம் இவற்றில் வருகிறதா என்று நிலத்துக்காரரிடமே கேளுங்கள். வந்தால், தனி இடம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு சாலையிலிருந்து தூரமான மூலைக்கு மாறிக்கொள்ளுங்கள். பொது ஆட்களில் பெரும்பாலோர் வண்டியை விட்டு அதிக தூரம் நடக்கமாட்டார்கள்.

அந்தத் திட்டங்களில் வராத நிலம் என்றாலும் மரத்தடியில் நின்று சண்டை போடாதீர்கள். இருவர் கையிலும் ஆயுதம். பெயரைக் கேளுங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைய வேட்டையை அவருக்கே விட்டுவிட்டு வந்து சாயங்காலம் நிலத்துக்காரரைக் கூப்பிடுங்கள். பாதி நேரம், அவர் வேறொருவருக்கும் சரி சொல்லிவிட்டு மறந்திருப்பார். அப்போது உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது புகார் அல்ல, ஒரு ஏற்பாடு: கேட் பக்கத்தில் ஒரு பலகை, அதில் நிலத்தின் படம், ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஓர் ஆணி, ஆளுக்கொரு டோக்கன். உள்ளே போகும்போது டோக்கனை மாட்டு, வெளியே வரும்போது எடு. ஒரே ஸ்டாண்டுக்கு இருவர் போவதும் ஒருவர் சுடும் திசையில் இன்னொருவர் நிற்பதும் இதோடு நின்றுவிடும்.

ஸ்டாண்ட் வைத்த மரத்தைப் பார்த்துவிட்டு நிலத்துக்காரர் கோபப்பட்டார். திருகு ஆணிப் படிகள் மட்டும்தானே போட்டேன்?

அவர் கோபம் நியாயம். மரத்தின் அடியிலிருந்து 16 அடி உயரம் வரைதான் மர வியாபாரி அதிக விலை கொடுக்கும் துண்டு. கறுப்பு வால்நட், வெள்ளை ஓக் என்றால் சொல்லவே வேண்டாம். உங்கள் படிகள் ஏறுவது சரியாக அந்த 16 அடியில்தான். படியைக் கழற்றிவிட்டாலும் ஓட்டை வழியாகத் தண்ணீரும் பூஞ்சையும் போய் மரத்தில் கறை விழும். ஒன்றிரண்டு உடைந்து உள்ளே தங்கிவிட்டால் அதன்மேல் மரம் வளர்ந்து மூடிக்கொள்ளும். பல வருடம் கழித்து ரம்பத்தின் பல்தான் அதைக் கண்டுபிடிக்கும். உலோகம் இருக்கிற கட்டையை அறுவை மில் ஒதுக்கிவிடும்.

திருகு, ஆணி இரண்டையும் மறந்துவிடுங்கள். பட்டையால் (ஸ்ட்ராப்) கட்டும் ஏணி ஸ்டாண்ட், பட்டையால் கட்டும் ஏறு குச்சிகள் போதும். ஆனால் கட்டிவிட்டு மறந்துபோனால் அதுவும் கெடுதல். மரம் பருக்கிறது, பட்டை இறுகுகிறது, பட்டைக்குக் கீழே பள்ளம் விழுகிறது. ஜனவரியில் பட்டையை இறுக்கும் ராட்செட்டைத் தளர்த்திவிட்டு, ஆகஸ்டில் புதுப் பட்டை போட்டு இறுக்குங்கள். வெயிலில் கிடந்த பழைய பட்டை உங்கள் எடையையும் தாங்காது. மரத்தின் தோலைக் கடித்துக்கொண்டு ஏறும் கிளைம்பிங் ஸ்டாண்டைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். கிளை வெட்டுவதற்கும் அப்படியே: எந்தக் கிளை என்று நேரில் காட்டிக் கேட்டுவிட்டுக் கைரம்பத்தால் வெட்டுங்கள்.

மரத்தைவிட அதிகப் பேர் மாட்டிக்கொள்வது ஈர வயலில் வண்டி ஓட்டித்தான். மழைக்குப் பிறகு பிக்கப் டிரக் இறங்கிய தடத்தில் மண் இறுகி, அடுத்த வருடப் பயிர் அந்தக் கோட்டில் குட்டையாகவே நிற்கும். அவர் டிராக்டரில் போகும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான். சாலையோரம் நிறுத்திவிட்டு நடங்கள், மானைச் சிறு தள்ளுவண்டியில் ஏற்றி வரப்போரமாகக் கொண்டுவாருங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.

டெக்சஸில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வேட்டைக்காக நிலம் லீஸ் எடுத்திருக்கிறோம். வேறொரு கூட்டம் ஏக்கருக்குக் கூடுதல் விலை சொல்கிறது. எப்படித் தக்கவைப்பது?

டெக்சஸில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். அங்கே லீஸ் என்பது முழு வியாபாரம், நட்பை நம்பிப் பயனில்லை. அடுத்த வருடத்துக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் விலைப் போட்டியில் இறங்கும் முன் அவருக்கு எது கஷ்டம் என்று பாருங்கள். ராஞ்ச் (பெரிய கால்நடைப் பண்ணை) உரிமையாளருக்குப் பணம் எவ்வளவு முக்கியமோ, வருடம் நடுவில் யாரும் ஓடிவிடக் கூடாது என்பதும் அவ்வளவு முக்கியம். மூன்று வருட ஒப்பந்தம், ஒவ்வொரு வருடமும் குறித்த தேதியில் முழுப்பணம் முன்கூட்டியே என்றால், கொஞ்சம் குறைந்த விலைக்கும் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு.

தாளில் இருக்க வேண்டியவை சில. புதுப்பிப்பது பற்றி இரு தரப்பும் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், வெளியார் விலை சொன்னால் அதே விலைக்கு முதலில் உங்களைக் கேட்க வேண்டும் என்ற ஷரத்து, மொத்தம் எத்தனை துப்பாக்கி, உரிமையாளர் குடும்பம் வேட்டையாடுமா, எங்கே, உள்வாடகை கூடாது, நிலம் விற்கப்பட்டால் மீதிப் பணம் என்ன ஆகும். கடைசி இரண்டை எழுதாமல் விட்டவர்கள்தான் பிறகு வக்கீல் தேடுகிறார்கள். கூடவே வேட்டைக் குழுவுக்கான பொறுப்புக் காப்பீடு எடுத்து, அதில் உரிமையாளர் பெயரையும் சேர்த்து, சான்றிதழை அவர் கையில் கொடுங்கள். எல்லா மாநிலங்களிலும் இலவசமாக நிலத்தைத் திறப்பவருக்கு விபத்துப் பொறுப்பிலிருந்து ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு. கட்டணம் வாங்கினால் பல இடங்களில் அது குறையும் அல்லது போய்விடும். அந்த ஓட்டையைக் காப்பீடு அடைக்கிறது. டெக்சஸில் வேட்டை லீஸ் விடும் உரிமையாளர் மாநில வனவிலங்குத் துறையிடம் அதற்கான லைசென்ஸும் வாங்க வேண்டும். அவரிடம் இருக்கிறதா என்று பணிவாக விசாரியுங்கள்.

பென்சில்வேனியா. அம்பு பட்ட மான் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டது. எல்லை மரங்களில் ஊதா பெயின்ட். துரத்திப் போகலாமா?

கூடாது. ஊதா பெயின்டுக்கு அங்கே 2020 முதல் 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகையின் மதிப்பு. கோடு குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில், 100 அடிக்கு ஒன்று. பெயின்ட் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வில்லை வண்டியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு கதவைத் தட்டுங்கள். அவசரமும் இல்லை. ரத்தம் இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், அரைமணி நேரம் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையாக நாற்றத்தோடு இருந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கிட்டவே போகாதீர்கள். கிளப்பிவிட்டால் இன்னும் இரண்டு நிலம் தாண்டிப் போகும்.

பக்கத்து நிலத்துக்காரரை ஜூலையிலேயே பார்த்து இதற்கு ஒரு சம்மதம் வாங்கி வைப்பது நல்லது. ஸ்டாண்டையும் எல்லையிலிருந்து 100 கஜமாவது உள்ளே தள்ளுங்கள். நுரையீரலில் அடிபட்ட மான்கூட அவ்வளவு தூரம் ஓடித்தான் விழும்.

நன்றிக்கு என்ன கொடுக்கலாம்? பணமா, பாட்டிலா?

பணம் வேண்டாம், காரணம் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு. பாட்டில் ஆளைப் பொறுத்தது. மான்கறி கொடுப்பதானால் முதலில் வீட்டில் சாப்பிடுவார்களா என்று கேளுங்கள். பலர் சாசேஜாகக் கொடுத்தால் மட்டும் தொடுவார்கள். மான்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. நோய் உள்ள கவுண்டி என்றால் பரிசோதனை முடிவு வரும்வரை கறியைக் கைமாற்றாதீர்கள். எங்களைக் கேட்டால், ஏப்ரலில் அரைநாள் போய் வேலியில் விழுந்த மரத்தை அறுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மேல்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரைஃபிள் வைத்திருப்பது சட்டப்படி சரிதானா என்று நிலத்துக்காரர் கேட்கிறார்.

குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. நடப்பில் உள்ள அமெரிக்க வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. லைசென்ஸ் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும், ஆகவே புதுப்பிக்கும் தேதியை நழுவ விடாதீர்கள். அவருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். வில்லுக்கு இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது.

மிச்சிகனில் எனக்கு அனுமதி தந்த பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர். இனி யாரைக் கேட்பது?

மூவரையும். அப்பா கொடுத்த அனுமதி அவரோடு முடிந்தது. மூவருக்கும் பொதுவான நிலத்தில் ஒருவர் சரி சொல்லி இன்னொருவர் மறுத்தால் நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் வேட்டைப் பேச்சை எடுக்காதீர்கள். இரண்டு மாதம் போகட்டும், பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள்: எத்தனை வருடம் வந்தீர்கள், அப்பா வைத்த விதிகள் என்ன, அவற்றை அப்படியே தொடர்வதாக. நிலத்தை இன்னொருவர் குத்தகைக்கு உழுகிறார் என்றால் அவரிடமும் சொல்லி வையுங்கள். அனுமதி தரும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இருக்காது, ஆனால் அவர் முகம் சுளித்தால் உரிமையாளர் மனம் மாறிவிடும். பேரன் ஒருவன் வேட்டைக்கு ஆசைப்படுகிறான் என்றால் உங்கள் சிறந்த ஸ்டாண்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டாவதில் உட்காருங்கள்.

விற்கும் பேச்சு அடிபட்டால் இப்போதே மாற்று இடம் பாருங்கள். நிலத்துக்காரருக்கு மாநிலமே பணம் கொடுத்து வேட்டைக்குத் திறந்துவிடும் திட்டம் மிச்சிகனில் 1977 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்த பண்ணைகளின் பட்டியலை மாநில இயற்கை வளத் துறை வெளியிடுகிறது. துப்பாக்கி சீசன் நவம்பர் 15 அன்று தொடங்கும். அன்று காலையில் போய்த் தேடாமல் செப்டம்பரிலேயே இரண்டு மூன்று பண்ணைகளை நடந்து பார்த்து வையுங்கள்.