‘எனக்கெல்லாம் வராது’: ஒரு கேள்வி பதில்

விபஸ்ஸனா தியானத்தில் 14 வருடமாக உட்கார்கிறேன். ஆசிரியர் இல்லை, பழைய மாணவன், அவ்வளவுதான். ‘என்னால் முடியாது’ என்று நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் வேலியைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். முதலிலேயே ஒன்று: மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

தேனி, 42 வயது சகோதரி: ஸ்கூட்டர் பழகும்போது விழுந்தேன். 8 வருடமாகிறது. ‘எனக்கு வண்டி வராது’ என்று முடிவே பண்ணிவிட்டேன். தியானம் உதவுமா?

உதவும். என் முழங்காலை வைத்துச் சொல்கிறேன். 10 நாள் முகாமில் முதல் 3 நாளும் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை, ஆனாபானா. 4ஆம் நாள் விபஸ்ஸனா தொடங்கும். தலையிலிருந்து பாதம் வரை உடம்பில் என்னென்ன தெரிகிறதோ அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் தினம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 1 மணி நேரம், கை கால் அசைக்காமல் கண் திறக்காமல் உட்கார வேண்டும். அதற்கு அதிட்டானம் என்று பெயர். முதல் தடவை பாதியிலேயே காலை மாற்றிவிட்டேன். மூட்டு கழன்று விழும் போலிருந்தது.

6ஆம் நாள்தான் ஒன்று பிடிபட்டது. கால் வலிக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, உடம்பு சும்மா இருக்கும்போதே, ‘இன்றைக்கும் முடியாது’ என்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உடனே வயிறு இறுகுகிறது, மூச்சு குட்டையாகிறது. வலி அதற்குப் பிறகுதான் வருகிறது. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! அந்த இறுக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடியது, கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி கூடியது. வலி போகவில்லை. ஆனால் நேரம் முடியும் வரை கால் அசையவில்லை.

நீங்கள் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சும்மா ஏறி உட்காருங்கள். கிளப்ப வேண்டாம். ‘வராது’ என்ற சொல் தானாக வரும். அது வரும்போது உடம்பில் எங்கே பிடிக்கிறது, தொண்டையிலா, உள்ளங்கையிலா என்று பாருங்கள். விரட்டாதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள். தினம் 5 நிமிஷம், ஒரு வாரம். அப்புறம் காலி மைதானம்.

பெருங்குடி, ஐடி ஊழியர்: எண்ணமே வராமல் இருக்க என்ன செய்வது?

முடியாது. அதற்கு முயற்சி செய்யவும் வேண்டாம்.

கோவை: கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது.

இரவில் ஒழுங்காகத் தூங்குங்கள். முகாமில் விடிகாலை 4 மணிக்கே மணி அடித்துவிடும். நானும் அங்கே தூங்கி வழிந்தவன்தான்.

திருச்சி: இது பௌத்தம் என்பதால் தயக்கமாக இருக்கிறது.

இதைப் பரப்பிய கோயங்காவுக்கே அந்தத் தயக்கம் இருந்தது. பர்மாவில் வசதியான இந்து வியாபாரக் குடும்பம் அவருடையது. தீராத ஒற்றைத் தலைவலிக்காகத்தான் 1955இல் ஊ பா கின்னிடம் போனார். அந்தக் குருவோ அரசாங்கத்தில் தலைமைக் கணக்காயர். தலைவலிக்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம் என்று முதலில் அவர் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். உங்களுக்கு அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால், 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வாரப் பயிற்சி இருக்கிறது. நாள்பட்ட வலிக்காரர்களுக்காக மருத்துவமனையில் பிறந்தது, அதில் மதம் கிடையாது.

மதுரை, தொழிற்சங்கத் தம்பி: மனத்தடை என்பதெல்லாம் வசதியானவர்கள் பேச்சு சார். வாடகை கட்ட முடியாதவனுக்கு 10 நாள் லீவு யார் தருவார்கள்?

பாதி ஒத்துக்கொள்கிறேன். முகாமில் சாப்பாடு, தங்குமிடம் இரண்டுக்கும் கட்டணம் இல்லை, பழைய மாணவர்களின் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் 10 நாள் கூலியை யாரும் தரமாட்டார்கள். ஆட்களை 12 மணி நேரம் பிழிந்துவிட்டு, சோர்ந்து போனால் தியான வகுப்புக்கு அனுப்பும் மேலாளரையும் பார்த்திருக்கிறேன். அது அயோக்கியத்தனம்.

அதே தம்பி: எது மனத்தடை, எது நிஜத்தடை என்று யார் முடிவு செய்வது?

வெளியாள் முடிவு செய்ய முடியாது. நான் பார்த்த வரையில், நிஜத்தடைக்கு ஆள் உண்டு, தொகை உண்டு, தேதி உண்டு. மனத்தடை ‘எனக்கெல்லாம்’, ‘எப்பவுமே’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்.

மறுபடியும் அவரே: என் அப்பாவுக்கு ‘நமக்கெல்லாம்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது டீக்கடையில் வைத்த தனி டம்ளர் சார். அது அவர் மனசுக்குள் முளைத்ததா?

இல்லை. அவரிடம் போய்க் கண்ணை மூடி மூச்சைப் பாருங்கள் என்று நான் சொன்னால் அது திமிர். டம்ளரை எடுக்க வேண்டியது கடைக்காரன், அவன் எடுக்காவிட்டால் சட்டம். டம்ளர் போன பிறகும் மகனின் தொண்டையில் அந்தச் சொல் மிச்சம் இருந்தால், அதை மட்டும்தான் உட்கார்ந்து பார்க்க முடியும். நீங்கள் சொன்னதைக் கேட்டபின் மேலே எழுதிய ‘ஆள் உண்டு, தேதி உண்டு’ கணக்கு எனக்கே சரியாகப் படவில்லை.

சேலம்: எந்த ஆப் நல்லது?

போனை அடுத்த அறையில் வையுங்கள்.

ஈரோடு: தியானத்தில் தூக்கம்…

கோவைக்காரருக்குச் சொன்னதுதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: பதற்றத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். 10 நாள் முகாம் போய்விட்டு மாத்திரையை விட்டுவிடலாமா?

முதல் பத்தியைப் படிக்கவில்லையா? விடக் கூடாது. முகாமும் இப்போது வேண்டாம், டாக்டரிடம் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்டிருப்பார்கள், அதை மறைக்கவும் கூடாது. பேசாமல், யாரையும் பார்க்காமல், நாளுக்கு 10 மணி நேரம் உட்காருவது எல்லா மனசுக்கும் எல்லா நேரத்திலும் தாங்காது.

தேனி சகோதரி மறுபடியும்: வண்டியில் ஏறி உட்காரச் சொன்னீர்கள். நான் விழுந்த நாளிலிருந்து சாவியை வீட்டுக்காரர் என்னிடம் தருவதில்லை. வண்டியும் காலையிலேயே அவரோடு கடைக்குப் போய்விடும்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா? என் முழங்கால் கதையை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். மதுரைத் தம்பி இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதானே? சாவியைக் கேளுங்கள்.