வயதானவர்களுக்குப் பழைய லேடீஸ் சைக்கிள் சரிப்படுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே குறுக்குக் கம்பி இல்லாமல், குழாய் தாழ்வாக இறங்கும் சைக்கிளைத்தான் லேடீஸ் சைக்கிள் என்கிறோம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கம்பி வைத்த சைக்கிளில் காலைப் பின்னால் வீசி ஏற வேண்டும். அந்த நொடி ஒற்றைக் காலில் நிற்கிறோம். முட்டி ஒத்துழைக்காவிட்டால் சைக்கிளோடு சாய்வோம். வேலியைத் தாண்டுவதற்கும் வாசற்படியைத் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

காவிரி டெல்டா சமதரை, கியர் தேவையில்லை. ஆனால் வாய்க்கால் கரையில் எதிரே டிராக்டர் வந்தால் சட்டென்று கால் ஊன்ற வேண்டும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படுகிற அளவுக்குச் சீட்டு இறங்குகிறதா என்று பாருங்கள்.

கம்பி இல்லாததால் எடை குறைவு என்று நினைக்காதீர்கள். ஒரு சட்டம் இல்லாத கட்டிலுக்கு மற்ற சட்டங்கள் தடிமனாக வேண்டும், இதுவும் அப்படித்தான். தூக்கி ஒரு திண்ணையில் வைத்துப் பாருங்கள், கை சொல்லிவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. பெடல் அச்சு சேரும் இடத்தின் அடியில் விரலால் தடவுங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு. அதை வாங்கவே வேண்டாம். பழைய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது, பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றிவிடுங்கள், ஆனால் அது ஓரளவுக்குத்தான் உதவும்.

இது பெண்களுக்கு மட்டும் என்று தயங்கும் பெரியவர்களுக்கு: சேலை, பாவாடை சிக்காமல் ஏற உதவும் அதே அமைப்பு, வேட்டி கட்டியவருக்கும் அப்படியே உதவும்.