ஒரே கராஜ், ஒரே பெட்ரோல், ரெண்டு கணக்கு

கேள்வி: எங்க அப்பா டி.ஏ. (டெமாக்ரடிக் அலையன்ஸ்) கட்சி, மச்சான் எதிர்க்கட்சியான எம்.கே. கட்சி. ரெண்டு பேரும் ஒரே கராஜ்லதான் பெட்ரோல் போடுறாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல அப்பா "நாடு தேறிடுச்சு"ங்கிறார், மச்சான் "நாசமாப் போச்சு"ங்கிறார். 2024 எலெக்‌ஷனுக்கு முன்னாடி நாசம்னு கத்துனதே அப்பாதான்! என்னண்ணே இது?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அப்பா கட்சிக்கு 2024 எலெக்‌ஷனுக்கு அப்புறம் கூட்டு ஆட்சியில மந்திரி நாற்காலி கிடைச்சிருச்சும்மா, வேறென்ன. 2024 ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மாசாமாசம் பெட்ரோல் இறங்குச்சே, "நாங்க உள்ள போனோம், இறங்கிச்சு"ன்னு கண்டிப்பா சொல்லியிருப்பார். மாசத்தோட முதல் புதன்கிழமை மாறுற விலை அது, கச்சா எண்ணெயும் ராண்ட் மதிப்பும் ஆட்டுற ஆட்டம், ஜூன் குறைப்பு கூட்டு ஆட்சி அமையுறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. லோட் ஷெட்டிங்ங்கிற கரண்ட் கட்டும் அப்படித்தான், 2024 மார்ச் 26ல நின்னப்ப "ஓட்டுக்காக டீசல எரிக்கிறாங்க, எலெக்‌ஷன் நாள் மே 29 தாண்டுனா இருட்டுதான்"னு அப்ப எதிர்க்கட்சியா இருந்த ஆளுங்க சத்தியம் பண்ணாத குறை, ஆனா 2025 ஜனவரி கடைசி வரைக்கும் கரண்ட் இருந்துச்சு.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல பணவீக்கம் 1980ல 13.5 சதவீதம், அதிபர் ரீகன் ஆட்சி முடியுற 1988ல 4 சதவீதம் சொச்சம். அந்த வருஷ சர்வேல ரீகனுக்கு எதிர்க்கட்சியான டெமாக்ரட் கட்சியோட தீவிர ஆளுங்கள்ல பாதிக்கு மேல பணவீக்கம் மோசமாயிடுச்சுன்னே சொன்னாங்கன்னு லாரி பார்ட்டெல்ஸ்ங்கிற அரசியல் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார்.

ஆனா எல்லாருக்கும் கண்ணு மறைக்குதுன்னு நான் நம்பல, பாதி பேருக்கு விஷயம் தெரியும், வாய்தான் கட்சிக்கு வேலை பாக்குது. சரியா பதில் சொன்னா காசுன்னு அங்கயே சோதிச்சப்ப ரெண்டு கட்சிக்காரங்க பதிலுக்கும் இருந்த இடைவெளி நல்லா சுருங்கிடுச்சு, அதுவும் கொஞ்சூண்டு காசுக்கே!

மச்சானுக்கு வேலை இருக்கா? நம்ம நாட்டுல வேலை பாக்குறவங்க, தேடுறவங்க எல்லாரையும் சேர்த்தா ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு வேலை இல்ல, அவரும் அதுல ஒருத்தர்னா அவர் புலம்புறது கட்சிப் பேச்சு இல்லம்மா, அத தனியா காது குடுத்துக் கேளு. மத்தபடி "நாடு எப்படி"ன்னு பேச்சே எடுக்காத, போன மாசம் கரண்ட் மீட்டருக்கு எவ்வளவு போட்டீங்க, மளிகைக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேளு, பதில் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும். அடங்கலன்னா அடுத்த மாசம் முதல் புதன்கிழமை பெட்ரோல் ஏறுமா இறங்குமான்னு ஆளுக்கு நூறு ராண்ட் பந்தயம் கட்டச் சொல்லு, யாரு கட்சிய மறந்துட்டு ராண்ட் ரேட்டப் பாக்குறாங்கன்னு எனக்கு எழுது.