கேமரா இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். இன்னும் இரண்டு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். காப்பகம் தேடித் தரும் ஒருவர் மூலம் ஓர் இடம் அமைந்திருக்கிறது. லைசென்ஸ் உண்டு, எல்லா அறையிலும் கேமரா, கைபேசியிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். நம்பி விடலாமா?

பதில்: கேமராவை நம்பி விடாதீர்கள். அது நடப்பதைக் காட்டும், தடுக்காது. வேலைக்கு நடுவே எத்தனை நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? குழந்தையின் தொண்டையில் ஏதாவது அடைத்தால் சில நிமிடங்கள்தான் அவகாசம். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அதனால் ஆட்களை எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் என்றால் மூன்று குழந்தைக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் நான்குக்கு ஒருவர். நிர்வாகி சொல்லும் எண்ணிக்கையில் சமையல் செய்பவரும் கணக்கு எழுதுபவரும் சேர்ந்திருக்கலாம். மதியத் தூக்க நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். பணியாளர்கள் மாறி மாறிச் சாப்பிடப் போகும் நேரம் அது. "முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

போனதும் தூங்கும் குழந்தைகளைப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். படுக்கை சமதளமாக, அமுங்காமல் இருக்க வேண்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் கூடாது. வீட்டில் மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் திடீரென்று குப்புறப் போட்டால் ஆபத்து பல மடங்கு கூடும். காப்பகங்களில் தூக்கத்தில் நேர்ந்த இறப்புகளில் கணிசமானவை சேர்த்த முதல் வாரத்திலேயே நேர்ந்திருக்கின்றன. "குப்புறப் போட்டால் சீக்கிரம் தூங்கிவிடும்" என்று யாராவது சொன்னால் அங்கே விடவே விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்ப வேண்டாம். எட்டு மாதக் குழந்தை தானே புரண்டு குப்புறப் படுக்கும். அப்போது என்ன செய்வது? இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை என்றால் அப்படியே விடலாம், எழுப்பித் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் படுக்க வைக்கும்போது மல்லாக்கத்தான், அதில் மாற்றம் இல்லை. தானாகப் புரள்வது வேறு, மற்றவர் குப்புறப் போடுவது வேறு. துணியால் இறுக்கிச் சுற்றும் பழக்கம் இருந்தால், புரள முயலும்போதே அதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டுண்ட குழந்தை குப்புறப் புரண்டால் திரும்ப முடியாது. உங்கள் மகள் எந்தப் பக்கமெல்லாம் புரள்வாள் என்பதைப் பணியாளரிடம் நேரில் சொல்லுங்கள்.

இடம் தேடித் தந்தவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்களுக்குக் கமிஷன் யார் தருகிறார்கள்? ஒரு குழந்தையைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று காப்பகம் தருகிறது என்றால், அவர் நிறைகளை மட்டும்தான் சொல்வார். அங்கே ஏற்கெனவே பிள்ளையை விட்டிருக்கும் இரண்டு பெற்றோரிடம் பேசுங்கள். அவர் கைகாட்டும் பெற்றோரிடம் அல்ல, மாலையில் வாசலில் நீங்களாகச் சந்திக்கும் பெற்றோரிடம்.

லைசென்ஸைப் பற்றி எனக்குப் பொறுமை போய்விட்டது. சில இடங்களில் சோதனைக்கு வரும் நாளைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். கட்டடத்தை அளக்கிறார்கள், தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மறுவாரமே பாதிப் பணியாளர்கள் மாறினாலும் அந்தத் தாள் மாறுவதில்லை. கடைசியாக எப்போது சோதனை நடந்தது, அதன் அறிக்கை எங்கே, மூச்சடைப்புக்கு முதலுதவி தெரிந்தவர் இன்று யார் பணியில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

சரி, இடம் பிடித்துவிட்டது என்றால், சேர்க்கும் நாளில் இரண்டை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, குழந்தையை அழைத்துப் போக யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியல். அதில் இல்லாதவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, வழக்கமான நேரத்துக்கு உங்கள் மகள் வந்து சேராவிட்டால் உடனே உங்களுக்கு போன் செய்ய வேண்டும். வண்டியின் பின்சீட்டில் தூங்கிப்போன குழந்தையை மறந்து பூட்டிவிட்டுப் போவது அன்பான பெற்றோருக்கும் நேர்ந்திருக்கிறது. வெயிலில் மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். அந்த ஒரு போன் வந்தால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம்.