பத்திரத்தில் போட்ட பணம் பத்திரமா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகில் பங்குக்கு வேலை பார்க்கிறேன். 20 வருட ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுக்கச் சொல்கிறார் ஒரு ஏஜெண்ட். “உங்கள் பணம் அரசுப் பத்திரத்தில்தான் போகிறது, அரசாங்கமே பொறுப்பு” என்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் சொன்னது ஓரளவு சரி. இரண்டாவதாகச் சொன்னது எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது.

காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஐஆர்டிஏஐ-யின் விதிப்படி, கம்பெனி ஆயுள் பாலிசிகளுக்காகச் சேர்த்து வைக்கும் ஆயுள் நிதியில் 100 ரூபாய்க்குக் குறைந்தது 25 ரூபாய் மத்திய அரசின் பத்திரங்களில், அதாவது அரசு கடன் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் பத்திரங்களில், இருக்க வேண்டும். மாநில அரசுப் பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட பிற பத்திரங்களையும் சேர்த்தால் 50 ரூபாய்க்குக் குறையக் கூடாது. உங்களுக்கு 20 வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு, அத்தனை வருடமும் வட்டி தவறாமல் வருகிற இடம் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த விதி. மீதிப் பணம் பங்கு, கம்பெனிக் கடன் பத்திரம், வீட்டுவசதி என்று பிரியும்.

ஆனால் அந்தப் பத்திரத்தின்படி அரசு கடன்பட்டிருப்பது கம்பெனிக்கு, உங்களுக்கு அல்ல. எல்ஐசிக்கு மட்டும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில், காப்பீட்டுத் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது. தனியார் கம்பெனிகளுக்கு அது கிடையாது.

நங்கூரம் பலமாக இருக்கிறது என்பதற்காக வலை நிறைய மீன் வருமா? லாபமும் அப்படித்தான். ஏஜெண்ட் காட்டும் பலன் அட்டவணையைக் கையில் வாங்கிப் பாருங்கள். பணம் வருடத்துக்கு 4% வளர்ந்தால், 8% வளர்ந்தால் என்று இரண்டு கணக்கு இருக்கும். இரண்டுமே அனுமானம்தான். ‘உத்தரவாதம்’ என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் நம்பிக் கணக்குப் போடுங்கள். யூலிப் பாலிசி, அதாவது உங்கள் பணத்தை ஒரு ஃபண்டில் யூனிட்டுகளாகப் போடும் பாலிசி என்றால், இந்த 50 ரூபாய்க் கணக்கே பொருந்தாது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஃபண்டைப் பொறுத்தே எல்லாம். பத்திர ஃபண்டிலும் சந்தையில் வட்டி ஏறினால் யூனிட் மதிப்பு இறங்கும்.

பத்திரத்தைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் தவணைத் தேதிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில் நிற்கும். தேதி தாண்டியும் பணம் கட்ட விடும் சலுகை நாள் வருடத் தவணைக்கு 30, மாதத் தவணைக்கு 15தான். மே மாதம் தவணை விழுந்தால் பாலிசி காலாவதியாகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் மாதத் தவணை வேண்டாம். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்தில் வருடத் தவணை விழும்படி, பாலிசி தொடங்கும் தேதியை இப்போதே கேட்டு வாங்குங்கள்.