'புளூ ஸ்வேட் ஷூஸ்' பாட்டை கார்ல் பெர்கின்ஸிடமிருந்து எல்விஸ் பறித்துக்கொண்டார் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. அந்தப் பாட்டை எழுதியவர், முதலில் பதிவு செய்தவர், ஹிட் ஆக்கியவர் எல்லாமே பாடகரும் கிதார் கலைஞருமான கார்ல் பெர்கின்ஸ்தான். ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் எல்விஸ் பிரெஸ்லியின் பெயர் பிற்பாடு எல்லாவற்றையும் மூடிவிட்டதால் இப்படி ஒரு கதை உலவுகிறது. ராக்கபில்லி என்ற ஆரம்பகால ராக் அண்ட் ரோல் இசையைப் பல வருடங்களாக விரும்பிக் கேட்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெர்கின்ஸ் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்காரர். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடும்பம். சிறுவயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். கிதாரில் அவருக்கு வழிகாட்டியவர் அதே வயலில் கூலி வேலை பார்த்த ஜான் வெஸ்ட்புரூக் என்ற கறுப்பினப் பெரியவர். ரேடியோவில் கேட்ட, வெள்ளையர்களின் கிராமியப் பாணியான கன்ட்ரி பாட்டும், அந்தப் பெரியவரிடம் கற்ற, கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் பெர்கின்ஸின் விரல்களில் ஒன்றாகிவிட்டன. ராக்கபில்லியின் அடிப்படையே அந்தக் கலப்புதான்.

'புளூ ஸ்வேட் ஷூஸ்' பாட்டின் விதை நண்பரும் பாடகருமான ஜானி கேஷ் கொடுத்தது. கேஷ் விமானப்படையில் ஜெர்மனியில் இருந்தபோது, கூட இருந்த ஒரு வீரர் தன் ஷூவை யாரும் மிதித்துவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதைப் பாட்டாக்கேன் என்றார் கேஷ். பெர்கின்ஸுக்கு அப்போது பிடிபடவில்லை. 1955 கடைசியில் ஒரு நடன நிகழ்ச்சியில் வாசித்துக்கொண்டிருந்தார். மேடைக்குப் பக்கத்தில் ஆடிய ஒரு பையன், தன் ஸ்வேட் (மெத்தென்ற தோல்) ஷூவை மிதித்துவிடாதே என்று ஜோடியாக ஆடிய பெண்ணை எச்சரித்தான். அழகான பெண் பக்கத்தில் இருக்க, இவன் கவலை ஷூ மேலா! அந்த எண்ணத்தோடு வீட்டுக்குப் போனவருக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து, கையில் கிடைத்த உருளைக்கிழங்குப் பையில் வரிகளை எழுதினார். 'ஸ்வேட்' என்பதற்கு ஸ்பெல்லிங் கூட அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 19 அன்று மெம்பிஸ் நகரில், சன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சாம் பிலிப்ஸின் ஸ்டூடியோவில் பதிவு. அண்ணன் ஜே ரிதம் கிதார், தம்பி கிளேட்டன் பேஸ், டிரம்ஸில் ஃப்ளூக் ஹாலண்ட். ஆரம்பத்தில் ஒன்று, இரண்டு என எண்ணும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு வாத்தியங்கள் 'டம் டம்' என்று அடித்து நிற்கும், அவர் காத்திருந்து அடுத்த வரிக்குப் போவார். எல்விஸ் அந்த இடைவெளியை விடாமல் ஒரே ஓட்டமாக ஓடுகிறார், வேகமும் அதிகம். ஆனால் நடனக் கூடத்தின் துள்ளல் பெர்கின்ஸ் காத்திருக்கும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. எனக்கு எப்போதும் அதுதான் பிடிக்கும்.

1956 ஜனவரி 1இல் தட்டு வெளியானது. வானொலி நிலையங்கள்கூட நிறம் பார்த்துப் பிரிந்திருந்த தென்மாநிலங்களிலிருந்து வந்த இந்த ஒரு தட்டு, பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி, ஆர் அண்ட் பி (கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ்), பாப் என்ற மூன்று பட்டியல்களிலும் உச்சிக்கருகே ஏறியது. பாப் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம். பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் சன் தட்டும் இதுவே. எல்விஸ் இதே பாட்டை ஜனவரி 30இல் ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்து, தன் முதல் எல்.பி.யின் (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) முதல் பாட்டாக வைத்தார். தனித் தட்டாக அது பிறகுதான் வந்தது, பெர்கின்ஸின் தட்டு தொட்ட உயரத்தைத் தொடவும் இல்லை.

பெர்கின்ஸிடமிருந்து எதையாவது பறித்தது என்றால் அது ஒரு சாலை விபத்து. மார்ச் 22 அன்று, பாடகர் பெர்ரி கோமோவின் டிவி நிகழ்ச்சிக்காக நியூயார்க் போகும் வழியில், டெலவேர் மாநிலத்தின் டோவர் அருகே அவர்கள் கார் ஒரு லாரியில் மோதியது. லாரி ஓட்டுநர் இறந்துபோனார். பெர்கின்ஸுக்கு முதுகெலும்பிலும் தோள்பட்டையிலும் முறிவு, ஜேயின் கழுத்தில் முறிவு. பெர்கின்ஸ் காயம் ஆறிக்கொண்டிருக்க, ஏப்ரல் 3 அன்று மில்டன் பெர்ல் டிவி நிகழ்ச்சியில் எல்விஸ் இந்தப் பாட்டைப் பாடியதை நாடே பார்த்தது. இரண்டு வருடத்தில் மூளைக் கட்டியால் ஜே இறந்தது பெர்கின்ஸை இன்னும் அதிகமாக உடைத்தது.

விபத்து நடக்காவிட்டால் எல்விஸ் அளவுக்குப் போயிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிவிக்கு வேண்டிய முகமும் ஆட்டமும் எல்விஸிடம் இருந்தன. பெர்கின்ஸின் பலம் எழுத்தும் கிதாரும். அதனால்தான் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அவர் தட்டுகளிலிருந்து மூன்று பாட்டுகளை எடுத்துப் பதிவு செய்தார்கள். அதில் 'ஹனி டோன்ட்' 'புளூ ஸ்வேட் ஷூஸ்' தட்டின் மறுபக்கப் பாட்டு, பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ பாடியது. 1998இல் பெர்கின்ஸ் இறந்தபோது பீட்டில்ஸின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் டென்னசிக்கே வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.